நிரந்தரம் கேட்கும் அம்மா, வெளியேறச் சொல்லும் பிள்ளை

2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில் ரிப்பன் மாளிகை வாசலிலிருந்து தூய்மைப் பணியாளர்களைப் போலீஸ் இழுத்துப் பேருந்துகளில் ஏற்றிய காட்சியை, ராயபுரத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். நான், அம்மா, என் அக்கா மகன். அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. அக்கா மகனுக்கு இருபத்துமூன்று. பி.காம். முடித்துவிட்டு பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான்.

பார்த்து முடித்ததும் அவன் சொன்னான்: "அந்த வேலையே எங்களுக்கு வேணாம்னு சொல்லிப் போராடணும் ஆயா. அதையே நிரந்தரமா குடுன்னு கேட்டா எப்படி?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஓட்டறியே, அது இன்னா கலெக்டர் வேலையா? நாளைக்கு நீ வண்டிலேர்ந்து வுழுந்தா ஆஸ்பத்திரி செலவு எவன் குடுப்பான்?"

அதற்குப் பிறகு அன்றிரவு யாரும் பேசவில்லை. சில நாட்களுக்குள் இதே சண்டை தமிழ்நாட்டின் அம்பேத்கரிய, பெரியாரிய, இடதுசாரி வட்டங்களில் பெரிய விவாதமாக நடந்தது. என்னைப் பொறுத்தவரை அது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய சண்டை. அதனால் அங்கிருந்தே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகராட்சியின் 5ஆம் மண்டலமான ராயபுரத்திலும் 6ஆம் மண்டலமான திரு.வி.க. நகரிலும் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பான்மையோர் தலித்துகள், அவர்களிலும் பெரும்பகுதி பெண்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ், சுய உதவிக் குழுக்கள் வழியாக எடுக்கப்பட்டு, பலர் பத்தாண்டுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்தவர்கள். கையில் வாங்கிய சுமார் 23,000 ரூபாய், கம்பெனிக்குப் போனால் 17,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. கோரிக்கை இரண்டுதான்: தனியாருக்குத் தராதே, பணி நிரந்தரம் செய். பதின்மூன்றாம் நாள், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் அகற்றப்பட்டார்கள். மறுநாளே அமைச்சரவை கூடி காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, சுயதொழில் உதவி என்று திட்டங்களை அறிவித்தது. கேட்ட இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த வாரத்திலேயே விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் தம் பிறந்தநாளையொட்டிய கூட்டத்தில் ஒரு கருத்தை வைத்தார். பணி நிரந்தரம் கேட்பது, குப்பை அள்ளுகிறவர்களே காலத்துக்கும் அள்ளட்டும் என்ற நிலையை நாமே ஏற்பதாகிவிடும், நம் பிள்ளைகள் அந்தத் தொழிலிலிருந்து வெளியேற வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. என் அக்கா மகன் சொன்னதும் அதேதான். இந்தத் தளத்தை வாசிக்கும் உங்களில் பலருக்கும் முதலில் தோன்றியது அதுவாகத்தான் இருந்திருக்கும். எனக்கும் தோன்றியது.

ஆனால் எங்கள் வீட்டில் யார் வெளியேறினார்கள், எப்படி வெளியேறினார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது.

என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, ஓர் அரசு நிறுவனத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. நிரந்தர வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், உடம்பு சரியில்லை என்றால் லீவு, வயதானதும் பென்ஷன். அந்தப் பென்ஷனில்தான் நான் படித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணமும் கல்லூரிப் பேருந்துப் பாஸும் ஆயாவின் சுருக்குப்பையிலிருந்து வந்தவை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த நாளில், உதவித்தொகை வரும்வரை சமாளிக்க அவர் பெயரில் இருந்த சேமிப்பைத்தான் உடைத்தோம்.

அம்மா ஒப்பந்தத் தொழிலாளி. பெரிய அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை. இப்போது அதற்கு ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று பெயர். பதினைந்து ஆண்டுகளில் அவர் கம்பெனி பலமுறை மாறிவிட்டது. அதே கட்டடம், அதே மாடி, அதே மாப். கம்பெனி மாறும்போது சட்டையின் நிறம் மட்டும் மாறும். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகச் சேர்ந்தவராகக் கணக்கிடப்படுவார். ஒரு கம்பெனி பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறவே இல்லை. அதைக் கேட்கப் போனால் அந்தக் கம்பெனியே இப்போது அந்த முகவரியில் இல்லை. ஆயாவும் அம்மாவும் செய்தது ஒரே வேலை. தாய் பென்ஷன் வாங்கினார். மகள் வாங்கமாட்டார். அம்மாவின் வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதும் இடத்தில் இருந்திருக்கமாட்டேன்.

எங்கள் தெருவில் துடைப்பத்தைவிட்டு வெளியே போன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். ஒரு நர்ஸ், ஒரு பள்ளி ஆசிரியர், கோர்ட்டில் ஒரு டைப்பிஸ்ட், நான். நால்வருமே வீட்டில் ஒரு நிரந்தரச் சம்பளம் இருந்தவர்கள். இது ஆய்வு முடிவு அல்ல, ஒரு தெருவின் கதைதான். ஆனாலும் ‘நிரந்தரம் கொடுத்தால் பிள்ளைகள் அதிலேயே சிக்கிக்கொள்வார்கள்’ என்று சொல்வதற்கு முன் இந்தத் தெருவையும் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துச் சான்றும் அதே தெருவில்தான் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. நான்கு வீடு தள்ளி ஓர் அண்ணன். பட்டதாரி. அவர் அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் வேலை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அலைந்தார். பட்டச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா பார்த்த வேலையைத்தான் கொடுத்தார்கள். குடும்பச் சூழ்நிலை, ஏற்றுக்கொண்டார். அவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. தெருவில் யாராவது மேலே படிக்கப் போகிறேன் என்றால், வாயைத் திறக்கமாட்டார். திருமாவளவன் பேசியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர் முகம்தான் வருகிறது. அந்தப் பயம் கற்பனை அல்ல.

ஆனால் இந்த அண்ணனைச் சிக்கவைத்தது எது? நிரந்தரமா? பட்டம் படித்த ஒருவனைப் பார்த்தவுடன், இவனுக்கு இந்த வேலைதான் என்று முடிவு செய்த அதிகாரியின் மனம்தான். அதே படிப்பும் வேறு சாதிச் சான்றிதழும் இருந்திருந்தால் அவருக்கு மேசை கிடைத்திருக்கும். ஆக, இங்கே இரண்டு விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன. ஒரு தனிமனிதர் தான் செய்யும் வேலையில் பெறும் பாதுகாப்பு ஒன்று. ஒரு வேலை ஒரு சாதியின்மீது பரம்பரையாகக் கட்டப்படுவது இன்னொன்று. முதலாவதைக் கேட்பதால் இரண்டாவது வராது. முதலாவதைப் பறிப்பதால் இரண்டாவது போகவும் செய்யாது.

இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுத்தந்தவர் அம்பேத்கர்தான். 1927 மார்ச்சில் மகாதில் கூடிய மக்களிடம், செத்த மாட்டை இழுப்பது உள்ளிட்ட இழிவுகளை விட்டொழியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகார் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். வதன் என்பது பிறப்பால் வந்துசேரும் ஊழியம். துண்டு நிலத்தையும் கொஞ்சம் தானியத்தையும் காட்டி, ஒரு சாதி முழுவதையும் ஊரின் ஏவல்காரர்களாக்கிய ஏற்பாடு. அதை உடைக்க அவர் வாழ்நாள் முழுவதும் போராடினார். அதே அம்பேத்கர்தான் 1930களில் பம்பாய் மாநகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1938இல் மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகளைக் காட்டினார். தலித்துகள் ஆயுள் முழுக்கக் கேங்மேனாகவே வைக்கப்படுவதைக் கண்டித்தார். ரயில்வேயைவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. வேலையில் உரிமையும், மேலே போகும் வழியும் கேட்டார். பின்பு வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக வேலை நேரக் குறைப்புக்கு உழைத்தார். 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆக்கியது.

பரம்பரைத் தொழிலை விடு என்பதும், செய்கிற வேலையில் உரிமை கேள் என்பதும் அவரிடம் முரண்படவில்லை. நம்மிடம் ஏன் முரண்படுகின்றன?

காரணம், நாம் ‘வெளியேற்றம்’ என்ற சொல்லை, எங்கே என்று கேட்காமலே பயன்படுத்துகிறோம். ராயபுரத்துப் பையன் துடைப்பத்தைவிட்டு எங்கே போகிறான்? என் அக்கா மகன் முதுகில் சதுரப் பையோடு காசிமேட்டிலிருந்து அண்ணாநகர்வரை ஓடுகிறான். அவனுக்கு முதலாளி யார் என்று தெரியாது. ரேட்டிங் குறைந்தால் ஆர்டர் வராது, மழையில் வழுக்கினால் அன்றைய வருமானம் போய்விடும். 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இவர்களைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கென நலவாரியம் அமைத்தது. நல்லதுதான். ஆனால் நலவாரிய அட்டை வேறு, வேலைப் பாதுகாப்பு வேறு. சாதியின் வேலையிலிருந்து வெளியேறிய அவன், எந்த உரிமையும் இல்லாத வேலைக்குள் நுழைந்திருக்கிறான். அம்மா அன்றிரவு கேட்ட கேள்வி அதுதான்.

வெளியேறிய பிறகு காலியாகும் இடம் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் குப்பை அள்ளுவதற்குத் தனியார் வந்தது நேற்று அல்ல. 2000இல் ஓனிக்ஸ் வந்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டில் நிறுவனங்களின் பெயர்களும் வண்டிகளின் நிறங்களும் மாறின. வண்டிக்குப் பின்னால் நிற்கிறவரின் சாதி மாறவில்லை. தனியார்மயம் சாதியை உடைக்கும் என்றால், இதற்குள் குப்பை வண்டியில் எல்லாச் சாதிக்காரர்களும் ஏறியிருக்க வேண்டும். கம்பெனிக்காரன் குறைந்த கூலிக்கு ஆள் தேடுவான். குறைந்த கூலிக்கு, கேள்வி கேட்காமல் இந்த வேலைக்கு வரக்கூடியவர் யார் என்பதைச் சாதி அவனுக்கு முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறது. சம்பளம் குறையக் குறைய, இந்த வேலைக்கு வேறு யாரும் வரமாட்டார்கள். நல்ல சம்பளமும் பென்ஷனும் உள்ள வேலையாக இருந்தால்தான் மற்றவர்களும் விண்ணப்பம் போடுவார்கள். பணி நிரந்தரம் சாதியைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் இந்தக் கோணத்திலும் ஒருமுறை யோசிக்கலாம்.

இன்னோர் உதாரணம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. துறைமுகத்தில் ஒரு காலத்தில் மூட்டைகள் மனித முதுகில் ஏறி இறங்கின. 1983இல் கண்டெய்னர் முனையம் தொடங்கப்பட்டது. இன்று பல டன் எடையுள்ள பெட்டியைக் கிரேன் தூக்கி லாரிமீது வைக்கிறது. கப்பல் கம்பெனிகளுக்கு நேரம் பணம் என்பதால் இயந்திரம் வந்தது. அந்தத் துறைமுகத்தின் மதில் சுவருக்கு வெளியே, தெருவில், நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் ஒரு பெண் கையால் பிரிக்கிறார். இங்கே இயந்திரத்துக்கு அவசரம் இல்லை, ஏனென்றால் கை மலிவாகக் கிடைக்கிறது.

இப்போது தலைமுறைகளுக்கு வருகிறேன். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்கத் தெரியலை’ என்ற புலம்பலை எல்லா வீட்டிலும் கேட்கிறோம். அதையே பெரிய மேடைகளிலும் கேட்கிறோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். அடுத்த மாதமே, நலத்திட்டங்களாலும் சொகுசாலும் கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைக்கு வரத் தயங்குகிறார்கள் என்ற கருத்தையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் உழைத்தவர்கள் யார் என்று எங்கள் பகுதியில் கேட்டால் தெரியும். தூய்மைப் பணிக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் ஞாயிறு கிடையாது. அதனால் யாரும் பங்குதாரர் ஆகிவிடவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மீனவர் சமூகத்தில் பிறந்த சிங்காரவேலர் இதே சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டுகள்.

எனவே வேலையை மறுக்கும் இளைஞரைச் சோம்பேறி என்று சொல்லும் குரலோடு நான் சேரமாட்டேன். அதிலும் துடைப்பத்தை மறுக்கும் தலித் இளைஞரின் மறுப்பு சாதி ஒழிப்பு அரசியல். 1936இல் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் இலட்சியத் துப்புரவுத் தொழிலாளி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். 2019இல் கும்பமேளாவில் பிரதமர் மோடி தூய்மைப் பணியாளர்களின் பாதங்களைக் கழுவினார். கொரோனா காலத்தில் நாமே மாலை போட்டோம், முன்களப் பணியாளர் என்றோம். இப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே ஒரு சமூகத்தை அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று என் அக்கா மகனுக்குத் தெரியும். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் அவன் படிக்கவில்லை.

ஆனால் அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், விண்ணப்பங்களில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினேன். பிறகு இயக்கத்துக்கு வந்தேன், வாசித்தேன், வெட்கம் போனது. போன இடத்தில் வேறொன்று வந்தது. அம்மா தன் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது எனக்கு அவர்மீது இரக்கம் வரத் தொடங்கியது. "என் ஃப்ளோர்ல வந்து பாரு, ஒரு கறை இருக்காது" என்பார். பாவம், அடிமைத்தனத்தையே பெருமையாக நினைக்கிறாரே என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். முற்போக்காளர்களிடம் உள்ள மோசமான பழக்கங்களில் இதுவும் ஒன்று.

அதே அம்மா, என்னையும் அக்காவையும் வீட்டில்கூடத் துடைப்பத்தைத் தொடவிட்டதில்லை. விருந்தாளி வந்து போனாலும், உடம்பு காய்ச்சலாய்க் கொதித்தாலும், அவரேதான் பெருக்குவார். "நீ போய்ப் படி" என்பார். ஒருமுறை அக்கா எடுத்ததற்கு அடி விழுந்தது. தன் மாடியில் கறை இருக்கக் கூடாது என்பதும், தன் பிள்ளை துடைப்பத்தைத் தொடக் கூடாது என்பதும் ஒரே பெண்ணின் இரண்டு முடிவுகள். முதலாவது, கையில் எடுத்த வேலையைச் சரியாகச் செய்யும் தொழிலாளியின் பெருமை. அதைச் சாதி அவருக்குக் கொடுக்கவில்லை. இரண்டாவது, சாதிக்கு அவர் சொன்ன பதில். என் அக்கா மகன் இன்று வாய்விட்டுச் சொல்வதை அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டிவிட்டார். ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களைக் கேட்டிருந்தாலும், தன் பிள்ளையும் இதே வேலைக்கு வர வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தங்களுக்கு நிரந்தரம் கேட்டதே பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பத்தான்.

அதனால் நாம் கேட்க வேண்டியவை இவை. இன்று அந்த வேலையைச் செய்பவருக்கு இன்றே பணி நிரந்தரமும் முழுச் சம்பளமும் ஓய்வூதியமும். கருணை அடிப்படையிலான பணியில், இறந்தவர் செய்த வேலையைப் பார்க்காமல் வாரிசின் கல்வித் தகுதியைப் பார்த்து இடம். பணியில் உள்ளவர்கள் படித்தால் மேலே போகும் பதவி உயர்வு வழி. கையால் குப்பையைத் தொடத் தேவையில்லாத கருவிகள். இந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆட்கள் வரும்படியான ஊதியம். இவற்றில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடும் எந்தப் பேச்சும், அது யாரிடமிருந்து வந்தாலும், ஒப்பந்தக்காரருக்கே உதவும். பிள்ளைகளுக்குச் சுயதொழில் உதவி தருகிறோம், தாய்க்கு நிரந்தரம் தரமாட்டோம் என்பது, தாயின் முதுகில் ஏறாமல் பிள்ளை மாடிக்குப் போய்விடலாம் என்று சொல்வது போன்றது. எங்கள் தெருவில் யாரும் அப்படிப் போனதில்லை.

6ஆம் மண்டலத்துக்கு யார் பெயர் என்று கவனியுங்கள். திரு.வி.க., சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய தலைவர்களில் ஒருவர். அந்தச் சங்கம் 1918இல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களிடையே உருவானது. 1921 வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் ஆதிதிராவிடர் என்றும் மற்றவர்கள் என்றும் பிளந்து, புளியந்தோப்பு எரிந்தது. கடனிலும் பசியிலும் இருந்தவர்களின் நிலையைக் கேட்காமல், அவர்களைத் துரோகிகள் என்று சொல்லியே முடித்தார்கள். மேலே நின்று பேசுகிறவர்கள் கீழே இருப்பவரிடம் கேட்காமல் அவருக்காக முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அது எங்கள் பகுதியின் பழைய பாடம். அந்தத் தவறை இப்போது நாம், அதுவும் அம்பேத்கரின் பெயரால், செய்யக் கூடாது.

போன வாரம் அக்கா மகனுக்கு வண்டி சறுக்கி முழங்கையில் தையல் போட்டார்கள். நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை, நான்கு நாளும் வருமானம் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை அம்மா கொடுத்தார். ஐந்தாம் நாள் அவன் தன்னோடு ஓட்டும் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, சங்கத்தில் சேர்வது எப்படி என்று என்னிடம் கேட்க வந்தான். அம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிரந்தரம் என்ற சொல்லை அன்று முதலில் சொன்னது அவன்தான்.